பிழைத்தலும் வாழ்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

அறிவியல் தொடர்பாக ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். அறிவியல் என்பது பெருங்கடல். அதில் ஒரு துளியை மட்டும் கையில் ஏந்தி வந்திருக்கிறேன். உடலிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுக்களை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் வளர்க்கிறார்கள். அவ்வுயிரணுக்கு உகந்த சூழலைக் கணிப்பொறியின் துணைகொண்டு எவ்வாறு வகுக்கிறார்கள் என்பதே அத்துளி.

கவிஞர்கள் கூடிய அவையில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. ஓர் உயிரின் ஒழுக்கத்தை அதன் நிலத்திலிருந்து பிரித்துப் பேச நம் அகப்பொருள் இலக்கணம் இசைவதில்லை. இன்றைய உயிரியலார் தம் ஆய்வுக்கூடங்களில் நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடிவருவதும் இதே வினாவோடுதான். நிலத்தைப் பிரிந்த உயிர் தன் இயல்போடு இருக்குமா? அதற்கென ஒரு நிலத்தை நாம் அமைத்துத்தர முடியுமா? ஆகவே, இது நமக்கு முற்றிலும் அயலான பொருளன்று.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'கல்ச்சர்' என்னும் ஒரே சொல் பண்பாட்டையும் குறிக்கும். கலத்தில் உயிரணுவை வளர்க்கும் தொழிலையும் குறிக்கும். நிலத்தை உழுது பேணுதல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழிலும் பண்படுத்திய நிலம் என்கிறோம். பண்பட்ட நெஞ்சம் என்கிறோம். உயிரணு வளர்ப்பும் ஒருவகை உழவே. அங்கே நிலமாக அமைவது ஊட்டக் கரைசல். உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், உயிர்ச்சத்துகள், வளர்ச்சிக் காரணிகள் ஆகியவை அக்கரைசலில் அளவறிந்து கலந்திருக்கும். வெப்பம், காற்று, கார அமிலத் தன்மை ஆகியவை அந்நிலத்தின் பருவநிலை எனலாம்.

தமிழில் மற்றொரு சொல் இன்றைய பேச்சுக்கு விளக்காக வந்து நிற்கிறது. 'பிழைத்தல்' என்பது அச்சொல். உயிர் தப்பி வாழ்தல் என்பது அதன் ஒரு பொருள். தவறுதல் என்பது மற்றொரு பொருள். கலத்தில் வளரும் உயிரணு இவ்விரு பொருளிலும் பிழைக்கிறது. மடியாமல் பெருகுகிறது, ஆனால் தன் இயல்பினின்றும் தவறிவிடுகிறது. பிழைத்தலுக்கும் வாழ்தலுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியை அளந்தறிந்து குறைப்பதே நான் சொல்லவந்த கலையின் நோக்கம்.

ஊநீரில் தொடங்கிய வரலாறு

1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவைத் தவளையின் நிணநீரில் இட்டுக் கண்ணாடிச் சில்லில் தொங்கவிட்டார். உடலுக்கு வெளியே நரம்பிழை நீண்டு வளர்வதை உருப்பெருக்கியின் வழியே கண்டார். 1912இல் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் அலெக்சிஸ் கேரல் கோழிக்கருவின் இதயத் திசுவைக் கொண்டு தொடங்கிய வளர்ப்பு, அவர் 1944இல் மறைந்த பின்னும் தொடர்ந்து 1946 வரை பேணப்பட்டது. உயிரணுவுக்கு இறப்பே இல்லை என்று உலகம் நம்பியது. இயல்பான மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961இல் லெனார்டு ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டியபோதுதான் அந்நம்பிக்கை தகர்ந்தது. கேரலின் கலத்தில் ஊட்டமாக இடப்பட்ட கருச்சாற்றோடு புதிய உயிரணுக்களும் சேர்ந்து சென்றிருக்கலாம் என்று பின்னாளில் அறிஞர்கள் ஐயுற்றனர். ஊட்டத்தில் என்ன இருக்கிறது என்றே அறியாமல் ஊட்டியதால் வந்த குழப்பம் அது.

1951இல் பால்டிமோர் நகர மருத்துவமனையொன்றில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து, அவருக்குத் தெரிவிக்காமலே உயிரணுக்கள் எடுக்கப்பட்டன. ஜார்ஜ் கை என்னும் ஆய்வாளரின் கலத்தில் அவை ஓயாமல் பெருகின. 'ஹீலா' என்னும் பெயரில் உலகெங்கும் சென்றன. அவ்வம்மையாரோ அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். அவ்வுயிரணுக்களுக்குக் கை அளித்த ஊட்டம் கோழியின் குருதிநீரும், கன்றுக்கருவின் சாறும், மனிதத் தொப்புள்கொடியின் ஊநீரும் கலந்த கலவை. அளவும் அறியப்படாதது, பொருளும் அறியப்படாதது.

அறியாத கலவையை அறிந்த பட்டியலாக மாற்றும் முயற்சியில் பெருவெற்றி கண்டவர் ஹாரி ஈகிள். ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்து, எது இல்லையேல் உயிரணு மடிகிறது என்று அவர் குறித்துக்கொண்டார். 1955இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் என்னை வியக்க வைக்கிறது. முழு உடலுக்கு உணவின் வழியே வந்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. தனித்த உயிரணுவுக்கோ பதின்மூன்று வேண்டியிருந்தன. உடலுக்குள் ஓர் உறுப்பு ஆக்கியதை மற்றோர் உறுப்பு பெற்றுக்கொள்கிறது. சுற்றத்தைப் பிரிந்து தனித்த உயிரணுவுக்கோ, அச்சுற்றம் தந்துவந்த நான்கும் வெளியிலிருந்து வரவேண்டியதாயிற்று. தனிமைக்குத் தேவைகள் மிகுதி என்பதைக் கவிஞர்கள் முன்பே அறிவார்கள். உயிரியல் அதை எண்ணிக்கையில் எழுதிக் காட்டியது.

ஆயினும் ஈகிளின் கரைசலிலும் சிறிதளவு ஊநீர் தேவைப்பட்டது. 'சீரம்' எனப்படும் இவ்வூநீரைப் பெரும்பாலும் பசுவின் கருவிலுள்ள கன்றிலிருந்தே எடுக்கிறார்கள். வெட்டுக்கு வந்த பசு சினையாக இருந்தால் அக்கருவின் குருதியிலிருந்து அது பிரிக்கப்படுகிறது. ஒரு தொகுதியைப் போல் மறுதொகுதி அமைவதில்லை, விலையும் மிகுதி, கொலையும் உடன் சேர்ந்தது. ஊநீரின்றி உயிரணுவை வளர்க்கும் வழி காண்பது அறிவுத் தேட்டம் மட்டுமன்று, அறத்தேட்டமும் ஆகும்.

பிழைத்தது, ஆனால் வாழ்ந்ததா?

ஆய்வுக்கூடங்களில் பெருவழக்காக உள்ள கரைசல்களுள் ஒன்று, ரெனாட்டோ டல்பெக்கோ ஈகிளின் கரைசலைத் திருத்தி அமைத்தது. அமினோ அமிலங்களும் உயிர்ச்சத்துகளும் நான்கு மடங்காக்கப்பட்டன. அதன் சர்க்கரை மிகுந்த வகையில் ஒரு லிட்டருக்கு 4,500 மில்லிகிராம் குளுக்கோஸ் உண்டு. நம் வீடுகளில் குருதிச் சர்க்கரை பார்க்கும் கணக்கில் சொன்னால் அது 450. வெறும் வயிற்றில் 100க்குள் இருக்கவேண்டிய அளவு இது! அக்கலத்தில் உயிரணு செழிப்பாகப் பெருகும். ஆனால், நலமுள்ள மனித உடலில் எங்குமே இல்லாத ஒரு நிலத்தில் அல்லவா அது பெருகுகிறது?

இதனால் வரும் கேடு என்ன? 2017இல் ஜேசன் கேன்டரும் அவருடைய குழுவினரும், மனிதக் குருதிநீரின் அளவுகளை ஒட்டி அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட புதிய கரைசல் ஒன்றை வகுத்து அதில் புற்றணுக்களை வளர்த்தனர். யூரிக் அமிலம் அதில் ஒன்று. மனிதக் குருதியில் அது இயல்பாகவே மிகுதி. பழைய கரைசல்களில் அதற்கு இடமே இல்லை. அந்த யூரிக் அமிலம் உயிரணுவுக்குள் ஒரு நொதியைத் தடுத்தது. அதன் விளைவாக, 5-புளூரோயூராசில் என்னும் நெடுநாள் வழக்கிலுள்ள புற்றுநோய் மருந்துக்கு அவ்வுயிரணுக்கள் முன்போல் மடியவில்லை. பழைய கரைசலில் மருந்து வென்றது. புதிய கரைசலில் அதன் வலிமை குன்றியது. மருந்தும் அதுவே, உயிரணுவும் அதுவே; மாறியது நிலம். கலத்தில் கண்ட முடிவை நம்பியே மருந்துகள் மனிதரை நோக்கிப் புறப்படுகின்றன என்பதை எண்ணினால் இப்பொருளின் கனம் விளங்கும்.

ஒவ்வொன்றாகக் கேட்டால் போதாது

சரியான நிலத்தை எவ்வாறு கண்டறிவது? உயிரணுவுக்கு மொழியில்லை. இது போதும், இது வேண்டாம் என்று அது சொல்லாது. சோதித்துப் பார்த்துத்தான் அறியவேண்டும். இருபது பொருள்களை, குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்று அளவுகளில் மாற்றி மாற்றிக் கலப்பதாகக் கொள்வோம். எழும் கலவைகளின் எண்ணிக்கை 348 கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வளர்த்துப் பார்க்க எந்த ஆய்வாளருக்கு ஆயுள் போதும்?

ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். நம் அடுக்களையே அதற்கு விடை சொல்லும். குழம்பில் புளி கூடினால் உப்பும் காரமும் கூடவேண்டும். உப்பை மட்டும் தனியே மாற்றிக்கொண்டிருந்தால் சுவையின் முடிவு கிட்டாது. பொருள்கள் தனித்தனியே பேசுவதில்லை. ஒன்றோடொன்று கூடிப் பேசுகின்றன.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி. எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல மனித மூல உயிரணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, வளர்க்கும் கரைசல் ஒன்றில் ஆல்புமின் என்னும் புரதம் இன்றியமையாதது எனக் கருதப்பட்டது. அதை நீக்கினால் உயிரணுக்கள் மடிந்தன. அதே கரைசலில் கந்தகம் கொண்ட மற்றொரு வேதிப்பொருளும் நெடுநாளாக இடம்பெற்றிருந்தது. 2011இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சனின் குழுவினர் இரண்டையும் சேர்த்தே நீக்கிப் பார்த்தனர். உயிரணுக்கள் நன்றாக வளர்ந்தன! அந்த வேதிப்பொருளின் நஞ்சைத் தாங்கவே ஆல்புமின் தேவைப்பட்டிருந்தது. நோயையும் வைத்துக்கொண்டு மருந்தையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பவருக்கு இவ்வுண்மை எந்நாளும் வெளிப்படாது. எட்டே கூறுகள் கொண்ட எளிய கரைசல் அதனால் பிறந்தது.

பலவற்றை ஒருசேர மாற்றி, அவற்றின் விளைவுகளைக் கணக்கால் பிரித்தறியும் கலைக்கு அடித்தளம் இட்டவர் ரொனால்டு ஃபிஷர். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் பண்ணையில் உரமும் விளைச்சலும் பற்றிய ஆய்வுகளில் பிறந்த அறிவு அது. 1935இல் நூலாக வந்தது. உழவில் பிறந்த கலை உயிரணு உழவுக்குத் திரும்பியது பொருத்தமே. 1946இல் பிளாக்கெட்டும் பர்மனும் வகுத்த அட்டவணைப்படி, பதினொரு காரணிகளின் தனித்தனி விளைவுகளைப் பன்னிரண்டே சோதனைகளில் மதிப்பிடலாம். எல்லாச் சேர்க்கைகளையும் செய்தால் 2,048 சோதனைகள் வேண்டும். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய சி. ஆர். ராவ் 1940களில் வகுத்த செங்குத்து அணிகள் இத்துறைக்கு இந்தியா அளித்த கொடை. 2023இல் தம் 102ஆம் வயதில் மறைந்த அப்பெருமகன் ஃபிஷரிடமே ஆய்வு மாணவராக இருந்தவர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

கணிப்பொறியின் இரு வழிகள்

கணிப்பொறி இங்கே இரண்டு வழிகளில் உதவுகிறது. முதல் வழி உள்ளிருந்து நோக்குவது. உயிரணுவுக்குள் நிகழும் வேதிவினைகளையெல்லாம் தொகுத்து ஒரு வரவு செலவுக் கணக்கை எழுதுகிறார்கள். உள்ளே வந்த பொருள் ஒன்று உடலாகவேண்டும், அல்லது ஆற்றலாகவேண்டும், அல்லது கழிவாக வெளியேறவேண்டும். மருந்துப் புரதங்கள் ஆக்கப் பெரிதும் பயன்படுவது சீன வெள்ளெலியின் சூலக உயிரணு. 2011இல் அதன் மரபணுத் தொகுதி படித்தறியப்பட்டது. 2016இல் 1,766 மரபணுக்களும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வினைகளும் கொண்ட கணக்கு அதற்கு எழுதப்பட்டது. இத்தகைய கணக்கின் துணையால், எந்த அமினோ அமிலம் முதலில் தீரும், எது வீணாகிக் கழிவாய்த் தேங்கும் என்பதைக் கலத்தைத் தொடும் முன்பே ஓரளவு கணிக்கலாம். ஆனால், இயக்குநீர் போன்ற ஏவற் குறிப்புகளை உயிரணு எவ்வாறு ஏற்கிறது என்பதை இவ்வரவு செலவு தானாகச் சொல்லாது. வீட்டுக் கணக்கேட்டைப் படித்து அவ்வீட்டாரின் மனத்தை அறிய முடியுமா?

இரண்டாம் வழி, வெளியே நின்று வினவிக் கற்பது. மறைந்தபின் 1763இல் வெளியான கட்டுரையால் புகழ்பெற்ற ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் பேயஸின் பெயரால் இது வழங்குகிறது. சில கலவைகளைச் சோதித்து, அவ்விடைகளிலிருந்து கணிப்பொறி ஒரு மதிப்பீட்டு வரைபடம் தீட்டுகிறது. எங்கே நன்மை மிகுந்திருக்கும் என்பதோடு, எங்கே தன் அறிவு குறைவு என்பதையும் அவ்வரைபடத்தில் குறித்துக்கொள்கிறது. அறிந்த நன்மையை நாடுவதா, அறியாத இடத்தைத் தேடுவதா என்று எடைபோட்டு அடுத்த வினாவைத் தேர்கிறது. தன் அறியாமையின் எல்லையை அளந்துவைத்துக்கொண்டு கேட்கும் மாணாக்கனை ஆசிரியராகிய நாம் விரும்பாதிருப்போமா?

ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனத்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. விழித்திரையின் பின்னே கரிய நிறமியுடைய ஓர் உயிரணுப் படலம் உண்டு. அது நைந்தால் முதுமையில் பார்வை மங்கும். மூல உயிரணுக்களிலிருந்து அப்படலத்தை ஆக்கும் கலை கைத்திறனை மிகவும் சார்ந்தது. மருந்திடும் அளவு, நாள்கள், உயிரணுக்களைக் கலத்திலிருந்து பெயர்க்கும் நேரம், குழாயால் நீரை உறிஞ்சிப் பீச்சும் விசை என ஏழு கூறுகளைக் கெங்கி கந்தாவும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டனர். எழக்கூடிய சேர்க்கைகள் 20 கோடி. இரு கைகள் கொண்ட எந்திரம் வளர்க்க, கணிப்பொறி வினாத் தொடுக்க, மூன்று சுற்றுகளில் 143 சேர்க்கைகள் மட்டுமே சோதிக்கப்பட்டன. 111 நாள்களில், தொடக்க நிலையைக் காட்டிலும் 88 விழுக்காடு மேம்பட்ட விளைச்சல் கிட்டியது.

இதில் என் நெஞ்சைத் தொட்டது அந்தக் குழாயின் விசை. நம் பாட்டிமார் கைப்பக்குவம் என்று சொல்வார்களே, அதுதான் இது. சொல்லிக்கொடுக்க முடியாது, பார்த்துப் பழகவேண்டும் என்று கருதப்பட்ட ஒன்று இங்கே அளவாக மாறி, பிறரிடம் கையளிக்கத்தக்கதாக ஆயிற்று. கைப்பக்குவம் இழிவுபட்டது என்று நான் கொள்ளவில்லை. அது எத்துணை நுட்பமானது என்பதற்கு எண்ணால் ஒரு சான்று கிடைத்தது என்றே கொள்கிறேன்.

எது நலம் என்பதை யார் சொல்வது?

இனி நான் சொல்ல விழைந்த கருத்துக்கு வருகிறேன். அந்த 88 விழுக்காடு எதனுடைய அளவு? கலத்தில் நிறமி படர்ந்த பரப்பின் அளவு. நிறம் மிகுந்தால் நன்று என்பதை உயிரணு சொல்லவில்லை; கணிப்பொறியும் சொல்லவில்லை; மனிதர் சொன்னார்கள். நிறம் ஓர் அடையாளமே. அதனால்தான் அக்குழுவினர் நிறத்தோடு நில்லாமல் உயிரணுக்களின் பிற பண்புகளையும் சோதித்துப் பார்த்தனர். விரைந்து பெருகுவதே நலம் என்று கணிப்பொறிக்குச் சொன்னால், அது விரைந்து பெருகும் நிலத்தையே தேடித்தரும். 450 அளவு சர்க்கரையை அது குறையாகவே கருதாது. பிழைத்தலைக் கேட்டால் பிழைத்தலைத் தரும்; வாழ்தலைக் கேட்கத் தெரிந்தால்தான் வாழ்தலைத் தேடும்.

ஆகவே, கணிப்பொறி வந்தபின் மனிதரின் பொறுப்பு குறைந்துவிட்டது என்பாரோடு நான் உடன்படவில்லை. முன்பு, கிடைத்ததைக் கொண்டு மன நிறைவடைய வேண்டியிருந்தது. இன்று, கேட்டது கிடைக்கும் நிலை உருவாகிவருகிறது. கேட்டது கிடைக்கும் காலத்தில், எதைக் கேட்பது என்பதே பெரும்பொறுப்பாகிறது. கன்றின் ஊநீர் இன்றி வளர்க்கவேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகக் கணிப்பொறிக்குச் சொல்லலாம். விலை குறையவேண்டும் என்றும் சொல்லலாம். உடலில் இருந்தவாறே இயங்கவேண்டும் என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டால் அது எதையும் பொருட்படுத்தாது. ஹென்ரியெட்டா லாக்ஸின் இசைவைக் கேட்கவேண்டும் என்று 1951இல் எவருக்கும் தோன்றவில்லை. எந்தக் கருவியும் அதை நினைவூட்டியிருக்காது. அது மனிதர் கேட்கவேண்டிய கேள்வி.

கவிஞர் பெருமக்களே! நலம் எது என்று சொற்களால் வரையறுப்பது உங்கள் தொழில். சரியான சொல்லுக்காக நீங்கள் எத்தனை சொற்களை எழுதி அடிக்கிறீர்கள்! சில நூறு கலவைகளில் கோடிக்கணக்கானவற்றின் தன்மையை அறிய முனையும் அறிவியலாரின் பொறுமையும் அதுவே. நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இவ்வறிவு தமிழில் பேசப்படவேண்டும். ஊட்டக் கரைசல், உயிரணு வளர்ப்பு, ஊநீர் போன்ற சொற்கள் பாடநூலோடு நின்றுவிடாமல் உங்கள் கவிதையிலும் கட்டுரையிலும் புழங்கவேண்டும். தம் உடலிலிருந்து எடுக்கப்படும் உயிரணு எங்கே, எந்நிலத்தில், எதன்பொருட்டு வளர்க்கப்படுகிறது என்று தமிழ் மக்கள் தம் மொழியிலேயே கேட்கவேண்டும். கேட்கும் சொல் கையில் இல்லாதவர், கேட்கும் உரிமை இருந்தும் கேளாதவராகவே நின்றுவிடுவர்.

பிழைத்தல் வேறு, வாழ்தல் வேறு. இலக்கிய அமைப்புகளுக்கும் இது பொருந்தும். தொடங்கிய அமைப்புகள் பல ஓரிரு ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும் நாட்டில், இவ்வட்டம் பத்தாண்டுகள் பிழைத்திருக்கிறது என்று சொன்னால் அது குறைவான பாராட்டு. தன் இயல்பு மாறாமல் வாழ்ந்திருக்கிறது என்பதே பொருத்தமான பாராட்டு. இன்னும் பல்லாண்டு அவ்வாறே வாழ்க என வாழ்த்தி அமைகிறேன்.